நடுவயதுச் சோர்வில் குணத்தின் பங்கு

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாற்பதைத் தாண்டிய ஒருவர் மனம் ஒடிந்து உட்கார்ந்துவிட்டால், வீட்டார் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். “இப்படி ஒரு அடி விழுந்தா யாருதான் தாங்குவாங்க” என்பது ஒன்று. “அவரு சுபாவமே அப்படித்தான், சின்ன வயசுலேர்ந்தே” என்பது இன்னொன்று. முன்னது வாழ்க்கை நிகழ்வைக் காரணமாகச் சொல்கிறது, பின்னது குணத்தைச் சொல்கிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதில்தான் நாம் தவறுகிறோம் என்று நினைக்கிறேன். சில குணங்கள் சில நிகழ்வுகளை வரவழைக்கின்றன. அந்த நிகழ்வுகள் மனச்சோர்வைக் கொண்டுவருகின்றன. சோர்வு அந்தக் குணத்தையே மேலும் இறுக்குகிறது. நடுவயதில் இந்தச் சுழல் வலுவடைகிறது. அப்படியிருந்தும் அதை நிறுத்த வழி உண்டு. இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ் என்றொரு நகரம். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த தாமஸ் ஓல்ட்மன்ஸ் 2007-இல் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். ஊரில் சாதாரணமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த 1,600-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் 55 வயதிலிருந்து 64 வயதுக்குள். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை அவர்கள் தேடிப் போகவில்லை. அதுவரை ஆளுமைக் கோளாறு பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இருபது, முப்பது வயதுக்காரர்களை, அதிலும் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பார்த்துத்தான் எழுதப்பட்டன. நாற்பது வயதானால் இந்தக் குணக்கோளாறுகள் தாமே அடங்கிவிடும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே இருந்தது. அடங்கிவிடுகிறதா, உருமாறி உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க ஓல்ட்மன்ஸ் விரும்பினார்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவரிடமும் நீண்ட நேர்காணல் செய்தார்கள், வினாத்தாளும் கொடுத்தார்கள். அத்தோடு நிற்காமல், அவரை நன்றாக அறிந்த ஒருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கணவர், மனைவி, உடன்பிறந்தவர், நெடுநாள் நண்பர், யாராகவும் இருக்கலாம். காரணம் எளிது. மற்றவர்கள் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவர் தன்னைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லமாட்டார், தன்னை எச்சரிக்கையானவர் என்றுதான் சொல்வார். கூட இருப்பவருக்கு அது வேறு விதமாகத் தெரியும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்புகொண்டு, இடைப்பட்ட காலத்தில் வாழ்க்கையில் என்னென்ன நடந்தது என்று கேட்டு வந்தார்கள்.

இங்கே ஆளுமைக் கோளாறு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் குணம் உண்டு, அதில் கோணலும் உண்டு. அந்தக் கோணல் வளைந்துகொடுக்காத அளவுக்கு இறுகி, ஆண்டுக்கணக்கில் நீடித்து, உறவையும் வேலையையும் தன்னைப் பற்றிய எண்ணத்தையும் கெடுக்கத் தொடங்கினால் மருத்துவர்கள் அதைக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இப்படிப் பத்து வகைகளை வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 11-ஆம் பதிப்பு நோய்ப் பட்டியலோ அந்தப் பெட்டிகளைக் கலைத்துவிட்டது. எவ்வளவு கடுமை என்று முதலில் கேட்கிறது, பிறகு எந்தக் கூறுகள் மேலோங்கி இருக்கின்றன என்று கேட்கிறது. எளிதில் துயரப்படுவது, மனிதர்களிடமிருந்து விலகுவது, பிறர் நலனைப் பொருட்படுத்தாதது, யோசிக்காமல் செயலில் இறங்குவது, எல்லாம் பிசகின்றி இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் என ஐந்து கூறுகள். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். நோய் என்ற கோட்டைத் தாண்டாதவர்களிடமும் இந்தக் கூறுகள் சிறிய அளவில் இருந்து துன்பம் தருகின்றன. செயின்ட் லூயிஸ் ஆய்வு அளந்ததும் பெரும்பாலும் அந்தச் சிறிய அளவுகளைத்தான்.

அவர்கள் கண்டவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அபிகேல் பவர்ஸும் ஓல்ட்மன்ஸும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்டது. பார்டர்லைன் என்று சொல்லப்படும் ஆளுமைக் கூறுகளை எடுத்துக்கொண்டார்கள். உணர்ச்சிகள் சட்டென்று ஏறி இறங்குவது, நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற தீராத அச்சம், கோபம், உள்ளுக்குள் வெறுமை என்பவை அவை. இந்தக் கூறுகள் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிற்பாடு எந்த மாதிரி நிகழ்வுகள் வந்தன என்று பார்த்தார்கள். நிகழ்வுகளை இரண்டாகப் பிரித்தார்கள். நெருங்கியவரின் மரணம் போல, ஒருவருடைய நடத்தைக்குச் சம்பந்தமில்லாமல் வந்து விழுபவை ஒரு வகை. நண்பரோடு முறிவு, குடும்பத்தில் பெரும் சண்டை, மணவாழ்வில் பிரிவு என, மனிதர்களுக்கிடையில் உண்டாகின்றவை மற்றொரு வகை. பார்டர்லைன் கூறுகள் இரண்டாம் வகையை முன்கூட்டியே காட்டின. முதல் வகையோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

இந்த முடிவைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். விதி எல்லோரையும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. நெருங்கியவரின் சாவு நம் குணம் பார்த்து வருவதில்லை. உறவு முறிவுகள் மட்டும் குணத்தின் வழியே வருகின்றன. அறுபதை நெருங்கும் வயதில் ஒரு நண்பரை இழந்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் எளிதில் கிடைப்பதில்லை. இருபத்தைந்து வயதில் காதல் முறிந்தால் கல்லூரியும் வேலையும் புதிய மனிதர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். ஐம்பத்தெட்டு வயதில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றால் பெரும்பாலும் நின்றதுதான்.

மனச்சோர்வுக்கு ஆளாகிறவர் தன் துயரத்துக்கான சூழலில் தானும் பங்குபெறுகிறார் என்ற கருத்தை முதலில் தெளிவாக வைத்தவர் கலிபோர்னியாவின் உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹாமென். 1991-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்காக, மனச்சோர்வு வந்துபோன பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார். அவர்களுக்கு நேர்ந்த நெருக்கடிகளில், அவர்களுடைய நடத்தையோ நிலையோ ஓரளவு காரணமாக இருந்தவை மற்றப் பெண்களைவிட அதிகமாக இருந்தன, குறிப்பாக உறவுச் சிக்கல்கள். இதைச் சொல்லும்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பங்கு என்றால் குற்றம் என்று பொருளாகிவிடாது. விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை தொலைபேசியில் அழைக்கிறவர், எதிராளி சலித்து விலகவேண்டும் என்று விரும்பி அழைக்கவில்லை. அவருடைய அச்சம் உண்மையானது. அந்த அச்சத்தைத் தணிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், அந்த வழி அவர் பயந்ததையே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு குணமும் உண்டு. வெட்கமும் தாழ்வுணர்ச்சியும் மிகுந்து, பிறர் குறை சொல்லிவிடுவார்களோ என்று எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறவர்கள். இவர்கள் வாழ்க்கையில் சண்டையும் இல்லை, முறிவும் இல்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பதில்லை, உறவினர் திருமணத்துக்குப் போவதில்லை, பிடித்தவரிடம் மனம் திறப்பதில்லை. நிகழ்வுகளைக் கணக்கெடுக்கும் எந்தப் படிவத்திலும் இவர்களுக்கு நெருக்கடி பதிவாகாது. நடக்காமல் போனவற்றுக்குப் படிவத்தில் கட்டம் ஏது? நடுவயதில் திரும்பிப் பார்க்கும்போது, இந்த நடக்காதவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்முன் நிற்கின்றன. கூச்சம்தானே என்று இளமையில் எல்லோரும் விட்டுவிடுவதால் இவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

லண்டனில் கேம்பர்வெல் என்ற பகுதியில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் பெண்களின் மனச்சோர்வை ஆராய்ந்து 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கடும் நெருக்கடி வந்த பெண்கள் எல்லோரும் சோர்வில் விழவில்லை. யார் விழுந்தார்கள் என்று பார்த்தபோது நான்கு விஷயங்கள் தெரிந்தன. பதினோரு வயதுக்குள் தாயை இழந்தது, பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளாவது வீட்டில் இருந்தது, வெளியே வேலை இல்லாதது, மனம்விட்டுப் பேசக் கணவரோ நெருங்கியவரோ இல்லாதது. நான்காவதை மட்டும் இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். மனம்விட்டுப் பேச ஒருவர் இருப்பது பெரிய காப்பு. ஆளுமைக் கோளாறு எந்த வகையாக இருந்தாலும் அது முதலில் அரிப்பது அந்த ஒருவரைத்தான். சந்தேகப்படுகிறவர் அவரை நம்புவதில்லை, ஒதுங்குகிறவர் அவரைத் தேடுவதில்லை, சட்டென்று கொதிக்கிறவர் அவரைக் களைப்படையச் செய்கிறார், தன்னையே உயர்வாக நினைக்கிறவர் அவரைக் கேட்பவராக மட்டும் வைத்துக்கொள்கிறார். நடுவயது வரும்போது அடி வருகிறது, காப்பு இல்லை.

இந்தக் குணங்களுக்காகப் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் துடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நார்வேயில் இரட்டையர்கள் ஏறத்தாழ 2,800 பேரை வைத்து ரைக்போர்ன்-கெனெருட், கென்னெத் கென்ட்லர் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பார்டர்லைன், ஒதுங்கும் ஆளுமை, சந்தேக ஆளுமை ஆகிய மூன்றின் கூறுகளும் மனச்சோர்வோடு மரபணுக் காரணிகளைக் கணிசமாகப் பங்குபோட்டுக்கொள்வது தெரிந்தது. வளர்ப்பு முக்கியம்தான். ஆனால் தாய் சரியாக வளர்க்கவில்லை என்று முடித்துவிடும் பேச்சு அறிவியலுக்கும் பொருந்தாது, மனிதத்துக்கும் பொருந்தாது.

சமூகம் பாராட்டும் குணங்களும் நடுவயதில் ஆபத்தாகலாம். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் ஹூபெர்டுஸ் டெலன்பாக் என்ற மனநல மருத்துவர் 1961-இல் வெளியிட்ட நூலில், மனச்சோர்வில் விழும் ஒருவகை மனிதர்களை வருணித்தார். ஒழுங்கில் உயிரை வைத்திருப்பவர்கள், கடமை தவறாதவர்கள், பிறருக்காக உழைத்துத் தேய்பவர்கள், யாருக்கும் கடன்பட்டிருக்கச் சகியாதவர்கள். தாங்களே வகுத்துக்கொண்ட ஒழுங்கு நிறைவேற்ற முடியாததாகும்போது இவர்கள் சரிகிறார்கள். வீடு மாறியதும் சோர்வு, பதவி உயர்ந்ததும் சோர்வு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காத வகையில் அது வரும். ஜப்பானில் இதையொத்த குணத்தை ஷிமோடா மிட்சுசோ டெலன்பாக்குக்கு முன்பே விவரித்திருந்தார். அதனால் டெலன்பாக்கின் நூலை ஜப்பானிய மருத்துவர்கள் தங்கள் ஊரைப் பற்றியே எழுதியது போல வரவேற்றார்கள்.

ஜப்பானில் 1997 நவம்பரில் யமாய்ச்சி என்ற பெரிய பங்குத்தரகு நிறுவனம் மூடப்பட்டது, ஹொக்கைடோவில் ஒரு பெரிய வங்கி வீழ்ந்தது. 1997-இல் 24,391 ஆக இருந்த தற்கொலைகள் அடுத்த ஆண்டில் 32,863 ஆயின. இந்த உயர்வில் நடுவயது ஆண்களின் பங்கு மிக அதிகம். அதன்பின் 2011 வரை எந்த ஆண்டிலும் அந்த எண்ணிக்கை 30,000-க்குக் கீழே இறங்கவில்லை. இதைக் குணத்தின் தலையில் கட்டினால் அநியாயம். வேலையும் கடனும்தான் முதல் காரணம். ஆனால் வேலையைத் தவிர தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதபடி ஒருவரைப் பழக்கி, அதைப் பண்பு என்று முப்பது வருடம் புகழ்ந்துவிட்டு, ஒரே நாளில் அந்த வேலையைப் பறித்தால் அவரிடம் மிஞ்சுவது என்ன என்ற கேள்வியை அந்தச் சமூகமும் கேட்டது, நாமும் கேட்கவேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1983-இல் இதை வேறு வழியில் சொன்னார். உறவையே ஆதாரமாகக் கொண்டவர் உறவு இழப்பில் விழுவார், சாதனையை ஆதாரமாகக் கொண்டவர் தோல்வியில் விழுவார். நடுவயது இரண்டு வகை இழப்புகளையும் கொண்டுவரும் பருவம். பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள், பெற்றோர் தளர்கிறார்கள், அலுவலகத்தில் நம்மைவிட இளையவர் மேலாளராக வருகிறார்.

நடுவயதுக்கென்றே ஒரு தனி மனச்சோர்வு உண்டு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1890-களில் ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பெலின் அதைத் தனி நோயாக வகைப்படுத்தினார். வளைந்துகொடுக்காத, கறாரான குணமுள்ளவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு அது வருவதாகப் பாடநூல்கள் பல பத்தாண்டுகள் எழுதின. கிரெப்பெலினின் மாணவர் டிரைஃபுஸ் பழைய நோயாளிகளின் கதையைத் திரும்பத் தேடிப் போய், பலருக்கு இளமையிலேயே இப்படி வந்து போயிருந்ததையும் பலர் குணமானதையும் 1907-இல் காட்டினார். ஆசிரியரும் மனம் மாறினார். பாடநூல்கள்தான் மாறவில்லை. 1979-இல் மைர்னா வைஸ்மன் என்ற ஆய்வாளர் அப்படி ஒரு தனி நோய் இல்லை என்று எழுதினார், 1980-இல் அமெரிக்கக் கையேட்டிலிருந்து அது நீங்கியது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுவதை அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு பின்னாளில் காட்டியிருக்கிறது. அது தனி நோய் என்பது தவறு, அந்தக் காலம் கடினமானது என்பது உண்மை.

அதே 1980 கையேடு வேறொரு காரியமும் செய்தது. மனச்சோர்வு போன்ற நோய்களை முதல் அச்சிலும் ஆளுமைக் கோளாறுகளை இரண்டாம் அச்சிலும் தனித்தனியாக எழுதச் சொன்னது. ஆளுமையை மறந்துவிடக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான். நடைமுறையில் இரண்டாம் அச்சு என்றாலே திருத்த முடியாதவர் என்ற முத்திரையாகிவிட்டது. 2013-இல் அந்தப் பிரிவை எடுத்தார்கள். முத்திரை மட்டும் பல மருத்துவமனைகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த முத்திரை எவ்வளவு பொய் என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி 1992-இல் தொடங்கியது ஒன்று. பிரவுன், கொலம்பியா, ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1996-இல் தொடங்கியது மற்றொன்று. இந்த இரண்டாவதில் பார்டர்லைன் நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினர் பத்தாண்டுகளில் நோய் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். இப்படி ஒரு முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதோடு ஒரு வருத்தமும் இருந்தது. வேலை, நட்பு, குடும்பம் ஆகியவற்றில் அவர்கள் நிலை அந்த அளவுக்குத் தேறவில்லை. ஜனரினி கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்ற கடும் அறிகுறிகள் சீக்கிரம் விலகுகின்றன. கோபமும் தனிமையும் வெறுமையும் கைவிடப்படும் அச்சமும் நெடுநாள் தங்குகின்றன. நடுவயதில் ஒருவரைப் பார்த்து “முன்ன மாதிரி இல்ல, இப்போ அமைதியாயிட்டாரு” என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்களே, அந்த அமைதிக்குள் வெறுமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை. அடுத்த மனச்சோர்வு பல நேரம் அங்கிருந்துதான் எழுகிறது.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். மனச்சோர்வோடு ஆளுமைக் கோளாறும் சேர்ந்திருந்தால் சிகிச்சை சரிவரப் பலன் தராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று நியூட்டன்-ஹவ்ஸ், டைரர், ஜான்சன் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் நாடு தழுவிய ஆய்வொன்றில், மூன்றாண்டு கழித்தும் மனச்சோர்வு நீங்காமல் இருப்பதை மிக உறுதியாக முன்னறிவித்தது பார்டர்லைன் ஆளுமைதான். நான் ஏற்கெனவே சொன்ன நான்கு பல்கலைக்கழக ஆய்வில் ஜான் குண்டர்சன் குழு 2004-இல் கண்டது இன்னும் முக்கியமானது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு தேறியவர்களுக்குப் பல நேரம் அதன் பின்னாலேயே மனச்சோர்வும் தேறியது. மனச்சோர்வு தேறியவர்களுக்கு அந்தக் கோளாறு அதன் பின்னால் தேறவில்லை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து, அது பலிக்காதபோது அளவைக் கூட்டி, பிறகு மாத்திரையை மாற்றி, ஆண்டுகளைக் கடத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்று இந்த ஒரு முடிவே சொல்கிறது. மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடும் மனச்சோர்வில் அது உயிர் காக்கும், தானாக நிறுத்தவும் கூடாது. ஆனால் பார்டர்லைன் ஆளுமையை நீக்கவென்று ஒப்புதல் பெற்ற மாத்திரை உலகில் இதுவரை இல்லை. அதற்கு உள்ளது பேச்சு வழிச் சிகிச்சை.

அந்தச் சிகிச்சைகளில் மிகப் பெயர்பெற்ற ஒன்றை உருவாக்கியவர் சியாட்டிலில் பணியாற்றிய மார்ஷா லினஹன். 1993-இல் அதன் பாடநூல் வந்தது. உணர்ச்சி கொந்தளிக்கும்போது அதைத் தாங்குவது, பெயர் சொல்லி அடையாளம் காண்பது, உறவைக் கெடுக்காமல் தேவையைக் கேட்பது ஆகியவற்றைத் திறன்களாக வாரம்தோறும் கற்றுத் தருகிறார்கள். பிழைப்புக்கு ஒரு தொழிலைக் கற்பது போல, பயிற்சி செய்து செய்துதான் வரும். 2011-இல், தன் அறுபதுகளில், லினஹன் பொதுவில் ஒன்றைச் சொன்னார். பதினேழு வயதில் தானே இந்தத் துன்பத்தோடு மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்ததாக. அதை வெளியே சொல்ல அவ்வளவு காலம் ஆனது. அறிவியல் உலகில் இவ்வளவு மதிப்புப் பெற்றவருக்கே அப்படியென்றால், நம் தெருவில் இருக்கும் ஒருவர் வாய் திறக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

குணம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரென்ட் ராபர்ட்ஸ் குழு 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சராசரியாக 24 வாரம் சிகிச்சை பெற்றவர்களின் ஆளுமைக் கூறுகளில் அளந்து காட்டும்படியான மாற்றம் இருந்தது. அதிகம் மாறியது எளிதில் துயரப்படும் தன்மைதான். சிகிச்சை முடிந்த பின்னும் மாற்றம் நிலைத்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிச் சொல்லியே நாம் பலரைக் கைவிட்டிருக்கிறோம்.

நம் நாட்டு நிலையையும் சொல்லவேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருந்தது. நாற்பதுகளில் இருப்பவர்களிடமும் பெண்களிடமும் பெருநகரவாசிகளிடமும் அது கூடுதலாக இருந்தது. கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை. முதல் கதவே திறக்காத இடத்தில், ஆளுமையையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் கேட்பது பேராசையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கூடுதலாகப் பத்து நிமிடமும் சரியான கேள்வியும் போதும். முதல் தடவை மனம் சோர்ந்தது எந்த வயதில்? அதற்கு முந்தைய மாதங்களில் யாரோடு பேச்சு நின்றது? இப்படி வேறு எப்போதாவது நின்றிருக்கிறதா? இன்று ஏதாவது நடந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அதோடு, நோயாளி சம்மதித்தால், ஓல்ட்மன்ஸ் செய்ததுபோல வீட்டில் ஒருவரையும் அழைத்துக் கேட்பது.

வீட்டார் மருத்துவரிடம் போகும்போது தூக்கமின்மை, பசியின்மை, அழுகை ஆகியவற்றை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். “இருபது வருஷமா யாரோடையும் ஒட்டமாட்டாரு”, “நான் கடைக்குப் போனாக்கூட விட்டுட்டுப் போயிடுவேன்னு பயப்படுறா” என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொன்னால் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்று தயங்கவேண்டாம். சொல்லாவிட்டால் பாதி நோய்க்குத்தான் மருந்து கிடைக்கும். நேரில் போகத் தயங்குகிறவர்கள் டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், நேரம் இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் கேட்க விரும்பாதவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், நான் இங்கேயே இருப்பேன்.